மதுரையில் கிளம்பி செஸ்னா 172-இல் உலகைச் சுற்றி வர எந்த வழி நல்லது? (சிமுலேட்டரில்தான்)

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் முறை. இருப்பது வில்லாபுரம். கையில் மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2020 இருக்கிறது, சாதாரண ஜாய்ஸ்டிக் ஒன்று, பெடல் கிடையாது. இதுவரை மதுரை - திருச்சி, மதுரை - கோயம்புத்தூர், கொடைக்கானலுக்கு மேலே ஒரு வட்டம், வைகை அணையைத் தாழப் பறந்து பார்ப்பது என்று அக்கம்பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டிருந்தேன். இப்போது ஆசை பெரிதாகிவிட்டது.

மதுரை ரன்வேயில் கிளம்பி, செஸ்னா 172 என்ற சின்ன விமானத்திலேயே ஊர் ஊராக இறங்கி ஏறி, உலகத்தைச் சுற்றிவிட்டு மறுபடி மதுரையிலேயே வந்து இறங்க வேண்டும். ஏர்பஸ், போயிங் வேண்டாம். முப்பத்தைந்தாயிரம் அடியில் ஆட்டோபைலட்டைத் தட்டிவிட்டுச் சாப்பிடப் போவதற்கு உலகப் பயணம் எதற்கு? கீழே இருக்கிற ஊர் கண்ணில் தெரிய வேண்டும், அதுதான் கணக்கு.

கேட்க வேண்டியது இதுதான். கிழக்கே கிளம்புவதா மேற்கே கிளம்புவதா? 172 வைத்துக்கொண்டு கடலைத் தாண்ட முடியுமா? பசிபிக்கைப் படத்தில் பார்த்தாலே வயிற்றைக் கலக்குகிறது. மொத்தம் எவ்வளவு நேரம் பிடிக்கும்? நேரத்தை நான்கு மடங்கு வேகமாக ஓட்டினால் அது ஏமாற்று வேலையா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். ‘வேலைவெட்டி இல்லாதவன்’ பட்டத்தை வீட்டிலேயே கொடுத்துவிட்டார்கள், அதை மட்டும் மறுபடி கொடுக்க வேண்டாம்.

பரங்குன்றம்172 எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. பலர் நாட்டுப் பட்டியல் போட்டுக்கொண்டு கிளம்புகிறார்கள், பாதி வழியில் கடல் வந்ததும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். டேங்கில் எவ்வளவு பிடிக்கும் என்பதில் தொடங்கினால் வழி தானாக வந்துவிடும்.

172எஸ் மாடலில் பயன்படுத்தக்கூடிய பெட்ரோல் 53 அமெரிக்க காலன், ஏறத்தாழ 200 லிட்டர். மணிக்கு 9 காலன் போல குடிக்கும். ஆக ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகக் காற்றில் இருக்கலாம், அதில் ஏறுவதற்கு ஆகிற கூடுதல் செலவையும் கையிருப்பையும் கழித்தால் ஐந்து மணி நேரம். வேகம் 120 நாட், அதாவது மணிக்கு 120 நாட்டிக்கல் மைல் என்று வையுங்கள் (ஒரு நாட்டிக்கல் மைல் 1.85 கி.மீ.). காற்றே இல்லாத நாளில் அது 600 நாட்டிக்கல் மைல், 30 நாட் எதிர்க்காற்று அடித்தால் 450. அந்த 450-ஐத்தான் நம்ப வேண்டும், 600-ஐ நம்பாதீர்கள். மதுரையின் எல்லா வழியும் இந்த ஒரு எண்ணைச் சுற்றித்தான்.

இந்த எண்ணோடு உலகப் படத்தைப் பார்த்தால் கலிபோர்னியாவிலிருந்து ஹவாய் கிடையவே கிடையாது, அது 2,000 நாட்டிக்கல் மைலுக்கு மேல். சென்னையிலிருந்து அந்தமானுக்கு நேரே போவதுகூட முடியாது, 700-ஐத் தாண்டிவிடும். அதனால் வடக்கே ஏற வேண்டும். நான் பார்த்து வைத்திருக்கிற வழி இப்படி: கிழக்குக் கரையோடு சென்னை, விசாகப்பட்டினம், கொல்கத்தா, அப்புறம் சிட்டகாங், சித்வே, யாங்கோன், பாங்காக், பினாங்கு, சிங்கப்பூர். சிங்கப்பூர் - கூச்சிங் 380 போல, முழுக்கக் கடல், முதல் நீண்ட தண்ணீர் அதுதான். போர்னியோவில் கினபாலு மலையைக் கட்டாயம் சுற்றிப் பாருங்கள், 4,095 மீட்டர், நம் 172 முக்கி முனகித்தான் அந்த உயரத்துக்குப் போகும். அங்கிருந்து பிலிப்பைன்ஸ், தைவான், ஒகினாவா, ஜப்பான் முழுக்கத் தீவுத் தீவாக.

ஜப்பானின் வட முனை வக்கனாய். அங்கிருந்து சகாலின் தீவு கூப்பிடு தூரம். சகாலினின் வட கோடியில் ஓகா, அங்கிருந்து ஓகோட்ஸ்க் கடலைத் தாண்டி மகதான், சுமார் 460. பசிபிக் பக்கத்தில் உங்களுக்கு வரப்போகிற பெரிய தாண்டல் இது ஒன்றுதான். அப்புறம் சைபீரியக் கரையோடு சின்னச் சின்ன ஓடுபாதைகளைப் பிடித்துக்கொண்டு அனாதிர், புரோவிதேனியா, அங்கிருந்து பெரிங் நீரிணையைத் தாண்டி அலாஸ்காவின் நோம். அந்தக் கடைசித் தாண்டல் 200தான்! வயிற்றைக் கலக்கிய பசிபிக் இவ்வளவுதான். நிஜத்தில் இந்தப் பாதைக்கு அனுமதி வாங்கவே ஓர் ஆயுள் போய்விடும், சிமுலேட்டரில் விசா கேட்க ஆளில்லை.

கனடாவின் வடக்கில் இக்காலுவிட், அங்கிருந்து கிரீன்லாந்தின் நூக் 445 போல. நூக், நர்சர்சுவாக், குலுசுக், ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக். குலுசுக் - ரெய்க்யவிக் 400. ஐஸ்லாந்தின் தென்கிழக்கில் ஹொஃப்ன், பரோயே தீவுகளின் வாகர், ஸ்காட்லாந்தின் விக், ஒவ்வொன்றும் 250 போலத்தான். ஐரோப்பாவில் எந்த வழியில் போனாலும் சரி, பத்து நிமிடத்துக்கு ஓர் ஓடுபாதை. துருக்கி, வளைகுடா, மஸ்கட், கராச்சி, அகமதாபாத், பிறகு மேற்குக் கரையோடு வீடு.

கிழக்கே போகச் சொல்வதற்குக் காரணம் காற்று. நடு அட்சரேகைகளில் பொதுவாக மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும், கனடாவிலிருந்து ஐரோப்பா வரை முதுகில் தள்ளிவிட ஆள் இருந்தால் நல்லதுதானே.

நேரம்: பூமத்திய ரேகையில் சுற்றளவு 40,075 கி.மீ., அதாவது 21,600 நாட்டிக்கல் மைலுக்குக் கொஞ்சம் மேல், 120 நாட்டில் 180 மணி நேரம். வான்வெளிச் சாதனைகளைப் பதிவு செய்கிற எஃப்.ஏ.ஐ. அமைப்பு உலகைச் சுற்றியதாக ஒத்துக்கொள்ள வேண்டுமென்றால் கடக ரேகையின் நீளத்துக்குக் குறையக் கூடாது, அது 36,787 கி.மீ., எல்லாத் தீர்க்க ரேகையையும் தாண்டிக் கிளம்பிய இடத்திலேயே இறங்க வேண்டும். நான் சொன்ன வழியில் அங்கே இங்கே வளைந்தால் அந்த நீளம் வந்துவிடும்.

ஒத்தக்கடை_அக்கா எழுதியது:

பரங்குன்றம் தம்பி சொன்ன வழி சரி. ஆனால் முதல் அடியைக் கரையோடு சென்னைக்கு வைக்காதே வைகைக்கரை. நேரே யாழ்ப்பாணம் போ. காரணம் சொல்கிறேன்.

மதுரை விமான நிலையம் வட அட்சம் 9.83. யாழ்ப்பாண விமான நிலையமான பலாலி 9.79. இரண்டும் ஏறக்குறைய ஒரே கோட்டில் இருக்கின்றன. மதுரை ஓடுபாதை 09/27, அதாவது கிழக்கு மேற்கு. 09-இல் ஏறி, மூக்கைத் திருப்பாமல் அப்படியே போனால் 117 நாட்டிக்கல் மைலில் பலாலி. ஒரு மணி நேரம். நம் பக்கத்தில் காந்த விலகலும் (திசைகாட்டி காட்டும் வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசம்) ஏறக்குறைய ஒன்றுமில்லை, திசைகாட்டி சொல்வதை அப்படியே பிடிக்கலாம். பள்ளிக்கூடத்தில் புவியியல் எடுத்தவள் நான், அட்சரேகை என்றால் என்ன என்று பலகையில் எவ்வளவு கோடு போட்டும் ஏறாத பிள்ளைகளுக்கு இந்த ஒரு பறத்தல் போதும் என்று நினைத்துக்கொள்வேன்.

வழி காட்டுகிற அந்த ஜி.பி.எஸ். ஊதாக் கோட்டை அணைத்துவிடு. கடிகாரமும் திசையும் மட்டும். ஏறி முடித்த கொஞ்ச நேரத்தில் சிவகங்கை கிட்டத்தட்டக் காலடியில் வரும். அதைத் தாண்டியதும் கீழே கவனி, கண்மாய்கள். ஒரு பக்கம் வில்லாக வளைந்த கரை, மறுபக்கம் விளிம்பே இல்லாமல் வயலோடு கரைந்துபோன தண்ணீர், ஒன்றின் கலுங்கு அடுத்ததன் தலைப்பில். ஐந்தாயிரம் அடியிலிருந்து பார்த்தால் எல்லா வில்லும் ஏறக்குறைய ஒரே பக்கம் வளைந்திருக்கும், தரை எந்தப் பக்கம் சரிகிறது என்பதை அதை வைத்தே சொல்லிவிடலாம். செயற்கைக்கோள் படம் எடுத்த மாதத்தைப் பொறுத்துச் சிலது நிறைந்திருக்கும், சிலது கருவேலம் மண்டிக் கிடக்கும், அதுவும் நிஜம்தானே. வலப்பக்கம் தூரத்தில் ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய் தெரிந்தால் நீ சரியாக இருக்கிறாய்.

தொண்டிக்குக் கொஞ்சம் வடக்கே கரையைத் தாண்டுவாய். தாண்டுகிற நிமிடத்தைக் குறித்து வை. அதற்கப்புறம் இருபத்தைந்து நிமிடம் போலத் தண்ணீர் மட்டும். இங்கேதான் பாடம். வடக்கிலிருந்து 15 நாட் காற்று குறுக்கே அடித்தால் ஒரு மணி நேரத்தில் 15 நாட்டிக்கல் மைல் தெற்கே தள்ளிவிடும், விமானத்துக்குள் இருக்கிற உனக்கு அது தெரியவே தெரியாது. காரைநகர் தெரிய வேண்டிய இடத்தில் தெற்கே இருக்கிற நெடுந்தீவு வந்து நின்றால் காற்று எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொள். பாக் நீரிணையில் இதைப் பழகினால்தான் ஓகோட்ஸ்க் கடலில் கை நடுங்காது. அங்கே தெற்கே தள்ளினால் நெடுந்தீவு இல்லை, ஒன்றுமே இல்லை.

பலாலி 2019-இல் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது, உன் சிமுலேட்டரில் கட்டடம் எப்படி இருக்கிறதோ, ஓடுபாதை இருக்கும். 172-க்குத் தரையில் ஓட முன்னூறு மீட்டர் போதும், கவலைப்படாதே. அங்கிருந்து கொழும்பு போய்த் தீவைப் பார்த்துவிட்டு, திரும்பவும் பாக் நீரிணையைத் தாண்டிச் சென்னைப் பக்கம் ஏறிக்கொள்.

கம்பம்_காத்து எழுதியது:

என்னிடம் இருப்பது பழைய லேப்டாப், லினக்ஸ். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டர் அதில் மூச்சு விடாது. ஃபிளைட்கியர் போட்டிருக்கிறேன், இலவசம், 1997-இலிருந்து ஊர் கூடித் தேர் இழுக்கிற மென்பொருள். செஸ்னா 172பி (172P) கூடவே வருகிறது, நிலப்படம் டெர்ராசிங்க் வழியாகப் போகப் போக இறங்கிக்கொள்ளும். அழகு குறைவு, கண்மாய் எல்லாம் வெறும் நீலத் திட்டு, ஆனால் விமானம் நடந்துகொள்வதில் குறை சொல்ல முடியாது. காசில்லாமல் உலகம் சுற்ற நினைக்கிறவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

இன்னொன்று. மைக்ரோசாஃப்ட் 2020 சிமுலேட்டரில் தரைப் படம் முழுக்க இணையத்தில் ஓடி வருவது. நெட் படுத்தால் ஊரெல்லாம் மொழுமொழுவென்று பச்சைக் களிமண் ஆகிவிடும். நீண்ட கட்டத்துக்கு முன்னால் அந்தப் பகுதியைக் கேஷில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் போனால் யு.பி.எஸ். காப்பாற்றும், ரௌட்டரையும் அதில் சொருகியிருந்தால்தான்.

வைகைக்கரை எழுதியது:

அக்கா, சிவகங்கை வழியாக யாழ்ப்பாணம் நேர்கோடு என்பது இவ்வளவு நாள் தெரியாமல் போச்சே! அப்படியே செய்கிறேன். பரங்குன்றம் அண்ணே, உங்கள் பதிலைப் பிரதி எடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டேன்.

ஒரு சந்தேகம். நான் கடையை அடைத்துவிட்டு வந்து உட்காருவதே ராத்திரி ஒன்பது மணிக்கு. நிஜ நேரம், நிஜ வானிலை இரண்டையும் போட்டால் எல்லா ஊரும் இருட்டாகத்தானே இருக்கும்?

நத்தம்_ரோடு எழுதியது:

எல்லா ஊரும் இருட்டில்லை. நம் ராத்திரி ஒன்பது என்பது ஜப்பானில் நள்ளிரவு 12.30, அங்கே நீங்கள் சொன்னது சரி, விளக்குகளைத் தவிர ஒன்றும் தெரியாது. ஆனால் அலாஸ்காவில் கோடைக் கணக்குப்படி காலை 7.30. ஐஸ்லாந்தில் மாலை 3.30. அதனால் மதுரையிலிருந்து பெரிங் வரைதான் தொல்லை, அந்தக் கட்டங்களை ஞாயிறு காலையில் வைத்துக்கொள்ளுங்கள், நம் ஆறு மணி ஜப்பானில் 9.30. பெரிங்கைத் தாண்டிவிட்டால் உலகமே கடை அடைத்த பிறகு கிளம்புகிறவனுக்காக விடிந்துகொண்டிருக்கும். மஸ்கட் பக்கம் திரும்பி வரும்போது மறுபடி இருட்டும்.

அதைவிட முக்கியம் மாதம். வாரத்துக்கு மூன்று மணி நேரம் பறந்தால் 180 மணி என்பது ஒரு வருடத்துக்கு மேல். டிசம்பரில் நூக்கில் பகல் நான்கு மணி நேரம் போலத்தான், அப்போது அங்கே போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். தை மாதம் கிளம்பினால் வங்காள விரிகுடா சாதுவாக இருக்கும், சித்திரை வைகாசிப் புயலுக்கு முன்னால் அதைத் தாண்டிவிடலாம், ஆனி ஆடியில் பெரிங், ஆவணி வாக்கில் கிரீன்லாந்து. வடக்கே பகல் நீண்டிருக்கிற மாதங்களில் போய்ச் சேருவீர்கள். 172-இல் இறக்கையில் பனி உறைந்தால் கரைக்க வழி கிடையாது, வேகத்தை அளக்கிற பிட்டோ குழாய்க்கு மட்டும்தான் சூடு. 2020 சிமுலேட்டரில் பனி உறைவதைக் காட்டியிருக்கிறார்கள், மேகத்துக்குள் பூஜ்யத்துக்குக் கீழே கொஞ்ச நேரம் இருந்தால் கண்ணாடி ஓரம் வெளுக்கும், வேகம் இறங்கும். அதற்கும் கோடைதான் மருந்து.

டர்போ_மாப்ள எழுதியது:

எதற்கு இந்தத் தண்டனை? அதே சிமுலேட்டரில் டி.பி.எம். 930 என்ற டர்போபிராப் விமானம் சும்மா கிடக்கிறது, 300 நாட்டுக்கு மேல் போகும், ஒரே தாண்டில் 1,500 நாட்டிக்கல் மைல். இல்லையா, பொனான்சா ஜி36 எடு, 170 நாட், சின்ன விமானம்தான். 180 மணி நேரத்துக்கு நான் மூன்று விளையாட்டை முடித்துவிடுவேன். கடல் மேல் வெறும் நீலத்தைப் பார்த்துக்கொண்டு நான்கு மணி நேரம் உட்காருகிறவனுக்குக் கோயில் கட்டத்தான் வேண்டும். நான்கு மடங்கு வேகத்தில் ஓட்டு மாப்ள, போலீஸ் பிடிக்காது.

ஒத்தக்கடை_அக்கா எழுதியது:

மாப்ள, பொனான்சாவுக்கு நான் எதிரி இல்லை. பெட்ரோல் கணக்கு தளர்ந்துவிடும், ஜப்பானிலிருந்து காம்சட்கா வழியாக அலூசியன் தீவுகளைக்கூடப் பிடிக்கலாம். ஆனால் 300 நாட்டில் போகிறவனுக்குக் கண்மாய் தெரியாது.

1964-இல் ஜெர்ரி மாக் என்ற அமெரிக்கப் பெண்மணி செஸ்னா 180-இல் தனியாக உலகைச் சுற்றினார், தனியாகச் சுற்றிய முதல் பெண் அவர்தான். ஓஹையோவின் கொலம்பஸில் மார்ச் 19 கிளம்பி ஏப்ரல் 17 திரும்பினார். கராச்சி, டெல்லி, கொல்கத்தா, பாங்காக் வழியாக வந்து குவாம், வேக் தீவு, ஹொனலுலு என்று பசிபிக்கை நடுவிலேயே தாண்டினார். அதற்காக உட்காருகிற இருக்கைகளை எடுத்துவிட்டு அறைக்குள்ளேயே கூடுதல் டேங்க் வைத்திருந்தார்கள். அவருக்கு நான்கு மடங்கு பொத்தான் இல்லை. வைகைக்கரைக்கு இருக்கிறது, பயன்படுத்தட்டும், ஆனால் கரை கண்ணில் படாத நடுக்கடலில் மட்டும். கிளம்பி ஏறும்போதும், நிலத்தின் மேலும், இறங்க அரை மணி இருக்கும்போதும் வேண்டாம். நான்கு மடங்கில் ஆட்டோபைலட் சில நேரம் தள்ளாடும் என்பதும் ஒரு காரணம்.

பசிபிக் நடு வழிதான் வேண்டும் என்று அடம் பிடித்தால் சிமுலேட்டரில் எரிபொருளை வரம்பில்லாமல் வைக்கிற வசதி இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு ஹவாய் போனால் எனக்கு மனசு ஒப்பாது. உன் இஷ்டம்.

நத்தம்_ரோடு எழுதியது:

கிரீன்லாந்துக் கட்டத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், மொத்தப் பயணத்திலும் சுவையான இடம் அதுதான், பெரும்பாலானவர்கள் மோதுகிற இடமும் அதுதான்.

நூக்கிலிருந்து கரையோடு தெற்கே இறங்கி நர்சர்சுவாக். 250 போல, எரிபொருள் பிரச்சினை இல்லை. 1941-இல் அமெரிக்கப் படை போட்ட தளம் அது, அட்லாண்டிக்கைத் தாண்டும் போர் விமானங்களுக்கு இடையில் பெட்ரோல் போட. திறந்த கடலிலிருந்து 40 நாட்டிக்கல் மைல் உள்ளே, மலைகளுக்கு நடுவே கடல் உள்ளே நீண்டு வருகிற ஒரு ஃபியோர்டின் கோடியில் இருக்கிறது. இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை, நடுவில் தண்ணீர், தண்ணீரில் மிதக்கும் பனிக்கட்டி. அந்தக் கரை முழுக்க இதே மாதிரி ஃபியோர்டு வாய்கள்தான், ஒன்றைப் போலவே இன்னொன்று. மேகம் தாழ்ந்திருக்கிற நாளில் தவறான வாய்க்குள் நுழைந்தால் போகப் போக இரு பக்கமும் நெருங்கும், மேலே மேகம், கடைசியில் திரும்ப அகலம் இருக்காது. அதனால் நுழைவதற்கு முன்னாலேயே படத்தில் தீவுகளை எண்ணி வையுங்கள், முதல் வளைவு எந்தப் பக்கம், எத்தனை நிமிடத்தில் என்று எழுதி வையுங்கள். வளைவு அந்த நிமிடத்தில் வரவில்லையென்றால் யோசிக்காமல், இன்னும் அகலம் இருக்கும்போதே திரும்பிவிட வேண்டும். ஃபியோர்டுக்குள் நடுவில் பறக்காதீர்கள், வலப்பக்கச் சுவரை ஒட்டிப் பறந்தால்தான் திரும்ப முழு அகலமும் மிச்சமிருக்கும்.

ஓடுபாதை தண்ணீரோரம் தொடங்கி உள்நாட்டுப் பக்கம் மேடேறும். அதனால் கடலிலிருந்து வந்து ஏற்றத்தில் இறங்குவார்கள், இறக்கத்தில் கடலை நோக்கிக் கிளம்புவார்கள். ஏற்றமான ஓடுபாதை கண்ணை ஏமாற்றும், ரொம்ப உயரத்தில் வருவது போலத் தோன்றி மூக்கைத் தாழ்த்தச் சொல்லும். தாழ்த்தாதீர்கள்.

அங்கிருந்து குலுசுக் போகப் பனிப்பரப்பைத் தாண்ட வேண்டும். எட்டாயிரம் ஒன்பதாயிரம் அடி உயரத்துக்குப் பனி குவிந்து கிடக்கிறது, மலை மாதிரி முனையோ கோடோ கிடையாது. மேலே வெள்ளை மேகம், கீழே வெள்ளைத் தரை, நடுவில் தொடுவானம் காணாமல் போய்விடும், பால் குண்டாவுக்குள் விழுந்த எறும்பு மாதிரி ஆகிவிடுவோம். வெளியே பார்க்கவே கூடாது, செயற்கைத் தொடுவானக் கருவியும் உயரமானியும்தான்.

அந்த உயரமானிதான் ஆளைக் கொல்வது. ஐஸ்லாந்தைச் சுற்றி அழுத்தம் சடாரென்று விழுகிற இடம். 1013 ஹெக்டோபாஸ்கலில் வைத்துவிட்டுக் கிளம்பினீர்கள், போகிற இடத்தில் 980 என்று வையுங்கள். வித்தியாசம் 33. ஒரு ஹெக்டோபாஸ்கலுக்குச் சுமார் 30 அடி, ஆக கருவி காட்டுகிற உயரத்தைவிட நீங்கள் ஆயிரம் அடி கீழே பறந்துகொண்டிருப்பீர்கள், உயரமானி மட்டும் பத்தாயிரம் என்று சிரித்துக்கொண்டிருக்கும். விசைப்பலகையில் ‘பி’ (B) எழுத்தை அவ்வப்போது தட்டுங்கள், அந்த இடத்து அழுத்தத்துக்கு அதுவே மாற்றிக்கொள்ளும். ‘டி’ (D) எழுத்து திசைக் கருவியைத் திசைகாட்டியோடு சரிசெய்யும், கால் மணிக்கு ஒரு முறை அதுவும். வட கனடாவில் காந்த விலகல் ரொம்ப அதிகம், நிஜ விமானிகளே அங்கே உண்மை வடக்கை வைத்துத்தான் ஓட்டுகிறார்கள், திட்டம் போடும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பாதை போட லிட்டில் நேவ்மேப் இறக்கிக்கொள்ளுங்கள், இலவசம், பறந்ததையெல்லாம் அதுவே பதிவேட்டில் எழுதி வைக்கும். ஒவ்வொரு தடவையும் கடைசியாக இறங்கிய ஊரின் நிறுத்துமிடத்திலேயே தொடங்க வேண்டும், அது ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பரங்குன்றம்172 எழுதியது:

நத்தம் சொன்னதோடு ஒன்று. உங்களுடைய 2020 சிமுலேட்டரில் நூக் ஓடுபாதை பழைய குட்டையானதாகவே இருக்கலாம், 930 மீட்டர். நிஜத்தில் 2024 நவம்பரில்தான் 2,200 மீட்டர் ஓடுபாதையைத் திறந்தார்கள். 172-க்கு 930-ஏ தாராளம், ஆனால் இக்காலுவிட்டிலிருந்து நான்கு மணி நேரம் போல உட்கார்ந்து வந்த களைப்பில் குறுக்குக் காற்றோடு இறங்க வேண்டியிருக்கும். ஜாய்ஸ்டிக்கைத் திருகினால் ரட்டர் (வாலில் இருக்கிற சுக்கான்) வேலை செய்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள், பெடல் இல்லாதவர்களுக்கு அதுதான் கால்.

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. 172-ஏதான், மாப்ள மன்னிக்கவும். கிழக்கே போகிறேன். வருகிற ஞாயிறு காலை ஆறரைக்கு மதுரை - பலாலி, நிஜ வானிலையோடு, ஊதாக் கோடு இல்லாமல். கூட வர விருப்பமுள்ளவர்கள் வரலாம்.

கம்பம்_காத்து எழுதியது:

நானும் அதே நேரத்தில் ஃபிளைட்கியரில் கிளம்புகிறேன். வேறு சிமுலேட்டர் என்பதால் நீங்கள் என்னையும் நான் உங்களையும் பார்க்க முடியாது. பலாலியில் இறங்கிய நிமிடத்தை இருவரும் இங்கே போடுவோம், நெடுந்தீவைப் பார்த்தவர் அதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

டர்போ_மாப்ள எழுதியது:

நான் டி.பி.எம்.-இல் வந்து உங்களுக்கு முன்னால் போய் டீ சொல்லி வைக்கிறேன்.

வைகைக்கரை எழுதியது:

சரி மாப்ள, சீனி கம்மியாகச் சொல். அக்கா, எத்தனை அடியில் போகட்டும்? 4,500 போதுமா?

ஒத்தக்கடை_அக்கா எழுதியது:

கிழக்கே போகிறவர்கள் ஒற்றைப்படை ஆயிரத்தோடு ஐந்நூறு, மேற்கே போகிறவர்கள் இரட்டைப்படை ஆயிரத்தோடு ஐந்நூறு. 4,500 எதிரே வருகிறவனுடையது. நீ 5,500 பிடி.